லேப்டாப் செத்துப்போச்சும்மா!

போன மாசம் ஒரு ஒன்பது நாள் நான் பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சதை என் வகுப்பு ஆட்கள் பார்த்திருப்பீங்க. காதல் தோல்வின்னு ஒரு கும்பல் கிளப்பி விட்டுச்சு. நமக்கெல்லாம் அவ்வளவு வசதி இல்லைங்க. லேப்டாப் ஸ்டார்ட் ஆகலை. அவ்வளவுதான் விஷயம்.

"அவ்வளவுதான்"னு இன்னிக்குச் சுலபமா எழுதிட்டேன். அன்னிக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு 12 நாள் பாக்கி. கோடு மொத்தமும் அந்த மெஷினில். பென் டிரைவில் இருந்த காப்பி ரெண்டு மாசத்துக்கு முந்தினது. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கலாம். அது அம்மா ஏலச்சீட்டைத் தள்ளு கொடுத்து எடுத்து, 16,000 ரூபாய்க்கு வாங்கித் தந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப். அம்மா உடுமலையில் தையல் வேலை பண்றாங்க. 16,000 ரூபாய்னா எத்தனை ஜாக்கெட்டுன்னு எனக்குக் கணக்குத் தெரியும்.

ராத்திரி ஒழுங்கா ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் படுத்தேன். காலையில் பவர் பட்டனை அமுக்கினா லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு.

நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் எல்லாம் பார்த்தேன். சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனை 30 செகண்ட் அமுக்கிப் பிடிச்சேன் (உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் வடிஞ்சா சில சமயம் எழுந்துக்கும்). ம்ஹூம். பின்பக்க மூடியைத் திறந்து ராமைக் கழட்டி, தங்கக் கலர் பல்லை ரப்பர் வெச்சுத் தேய்ச்சு மறுபடி சொருகினேன். ம்ஹூம். உண்மையில் அது அர்த்தமில்லாத வேலை. ராம் கோளாறுன்னா லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் மட்டும் கறுப்பா இருக்கும், சில மெஷினில் பீப் சத்தம்கூட வரும். என்னுதுல உசுரே இல்லை. பல்லு வலிக்குக் கண்ணாடி மாத்தின கதை.

ரூம் மேட் ஒருத்தன், "போர்டை ஓவன்ல வெச்சு எடுத்தா சரியாயிடும் மச்சி"ன்னான். அது சும்மா கட்டுக்கதை இல்லை. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனியே தன் லேப்டாப் சிப்கள் சிலதுல கோளாறு இருக்குன்னு ஒத்துக்கிட்டு, அதைச் சரிபண்ண 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்குறதா அறிவிச்சுது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் இருக்கிற நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போற கோளாறு அது. அந்த மாதிரி மெஷின்களைச் சூடுபண்ணினா விட்டுப்போனது தற்காலிகமா ஒட்டிக்கும், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி படுத்துக்கும். அங்கிருந்து கிளம்பின வைத்தியம்தான் ஓவன். அதுக்கும் என் லேப்டாப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹாஸ்டல்ல ஓவன் இல்லாததால தப்பிச்சேன்.

இதுக்கு நடுவில் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, மண்டையில் ஏறலை. சார்ஜர்ல ஒரு குட்டி லைட் இருக்கும் இல்லையா, சுவத்துல சொருகினா எரியுது. பின்னை லேப்டாப்பில் குத்தினதும் பொட்டுனு அணைஞ்சுது. "ஆஹா, சார்ஜர்தான் போச்சு"ன்னு குதிச்சு, பக்கத்து ரூமில் அதே மாதிரி சார்ஜரை இரவல் வாங்கிக் குத்தினா, அதுவும் பொட்டு. "ரெண்டு சார்ஜருமே ரிப்பேரா?"ன்னு யோசிச்ச மகா புத்திசாலி நான்தான். இதுல மூணாவது வருஷமா எலெக்ட்ரானிக்ஸ் வேற படிக்கிறேன், வெளிய சொல்லிடாதீங்க.

தூக்கிக்கிட்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். அஞ்சு நிமிஷம். "மதர்போர்டு போயிருச்சு, 14,500 ஆகும். டேட்டாவுக்குக் கியாரண்டி இல்லை." திரும்பி பஸ்ல வரும்போது அம்மா போன். "லேப்டாப்பெல்லாம் நல்லா ஓடுதா கண்ணு?" "ஓடுதும்மா." அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு அடுத்து என்ன பேசறதுன்னு தெரியாம, சிக்னல் இல்லைன்னு கட் பண்ணிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஒரு சீனியர் அண்ணாதான் கேட்டார். "மெஷின் வராட்டிப் போகுது. உன் ஃபைல் எங்கடா இருக்கு? போர்டுலயா, டிஸ்க்லயா?"

யோசிச்சுப் பாருங்க, அது வேற இது வேற. நான் ரெண்டையும் சேர்த்துக் கட்டி அழுதுக்கிட்டு இருந்தேன். நாலு ஸ்க்ரூ கழட்டினதும் ரெண்டரை இன்ச் ஹார்ட் டிஸ்க் கையோட வந்துருச்சு. 350 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி, அதுக்குள்ள போட்டு அவர் லேப்டாப்பில் சொருகினோம். டக்குனு என் ஃபோல்டர் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. ப்ராஜெக்ட், ரெக்கார்டு, சினிமா (ஹி ஹி), எல்லாம். முதல் வேலையா ரெண்டு இடத்தில் காப்பி எடுத்தேன்.

ஆனா எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது மக்களே. என்னுது பழைய மாடல். புது விண்டோஸ் மெஷின்கள் பலதுல டிஸ்க்கைப் பூட்டியே கொடுக்கிறாங்க. வேற மெஷினில் சொருகினா 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், அது இல்லைன்னா ஒரு ஃபைலும் தொட முடியாது. அந்த நம்பர் பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கும். மெஷின் உசுரோட இருக்கும்போதே எடுத்து ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க. சில மெல்லிசு லேப்டாப்களில் ஸ்டோரேஜே போர்டோட சேர்த்துப் பத்தவெச்சிருக்கும், கழட்டவே முடியாது.

ஃபைல் கிடைச்சதும் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. காந்திபுரத்துல ஒரு மாடியில், போர்டு வேலை மட்டும் பார்க்கிற அண்ணா ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்பட்டுப் போனேன். சார்ஜர் லைட் கதையைச் சொன்னதும் சிரிச்சுட்டார். "வீட்ல ஷார்ட் ஆனா ட்ரிப்பர் விழுதில்ல தம்பி, அதேதான். சார்ஜர் நல்லா இருக்கறதாலதான் லைட்டு அணையுது."

போர்டைப் பிரிச்சு, சார்ஜர் கரண்ட் உள்ளே வர்ற 19 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டரை வெச்சார். "கீஈஈ". நேரா ஷார்ட். அடுத்து அவர் பண்ணினதுதான் எனக்கு மறக்காது. பவர் சப்ளையில் வெறும் 1 வோல்ட் வெச்சு அந்த லைனுக்குக் கொடுத்தார். போர்டு மேல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினார். எங்க ஷார்ட்டோ அங்கதான் கரண்ட் ஓடும், அந்த இடம் சூடாகும், அங்க முதல்ல காயும். ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தோம். எள்ளு அளவு ஒரு பழுப்புச் செராமிக் கெப்பாசிட்டர் மேல மட்டும் சட்டுனு காய்ஞ்சுது.

சூட்டுக் காத்து அடிச்சு அதைத் தூக்கினார். மீட்டர் வாயை மூடிக்கிச்சு. செத்த போர்டு ஒண்ணுலேர்ந்து அதே மாதிரி ஒண்ணை எடுத்து அந்த இடத்துல வெச்சார். சார்ஜரைக் குத்தினா லைட் அணையலை. பவர் பட்டன். ஃபேன் சுத்துச்சு. சத்தியமா கண்ணு கலங்கிருச்சு.

"லேப்டாப்பை ஒரு கையில, ஓரத்தைப் புடிச்சுத் தூக்குவியா?"ன்னு கேட்டார். ஆமாங்ணா. "போர்டு வளையும் தம்பி. இது பீங்கான். விரிசல் உட்டா உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆயிரும்." உறுதியா அதுதான் காரணம்னு அவரும் சொல்லலை. ஆனா அன்னையிலேர்ந்து நான் குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலதான் தூக்கறேன். கூலி 900 ரூபாய்.

அந்த வாரம் ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அம்மா தைக்கறதை நிறுத்தாமலே கேட்டாங்க. "மெஷின் ஓடலைன்னா நான் எடுத்த எடுப்புல மோட்டாரையா மாத்தறேன்? ஊசி, நூலு, பாபின் கேஸு, பெல்ட்டுன்னு பாத்துட்டுத்தானே போறேன்?" அப்புறம் மெஷினை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. "அது கெடக்குது. ஒம்பது நாளா எதுக்குக் கண்ணு ஓடுது ஓடுதுன்னு சொன்னே?"

பதில் சொல்லத் தெரியலை. பாபின்ல நூல் சுத்திக் கொடுத்தேன்.

சரி மக்களே, ரிவ்யூ முடிஞ்சுது, வைவா பாக்கி. படிக்கணும். வரட்டா?