ஒரு மூட்டை அரிசி

வருஷா வருஷம் தை அறுவடை முடிந்ததும் திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் தமையனார் ஒரு மூட்டை அரிசி அனுப்பி வைப்பார். "சென்னையில் கிடைக்காத அரிசியா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். மூட்டையைப் பிரித்ததும் எழும் அந்த வாசனை அவருக்கு எங்கே தெரியப் போகிறது!

2017-ல் மூட்டை வரவில்லை. மழை பொய்த்துப் பயிர் கருகிவிட்டது. கடிதம்தான் வந்தது. புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த சமயம் அது. "இன்று அங்கே, நாளை இங்கே. பாறையைப் பிளந்து வாயு எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நிலத்தை விற்றுவிடலாமா, அம்மா? உன் சம்மதம் வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

பாறையைப் பிளப்பதாவது! என் பிள்ளைதான் விளக்கினான். ஷேல் என்னும் இறுகிய பாறைக்குள் வாயு அடைபட்டிருக்கிறதாம். ஆழத் துளைத்து, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பலத்த அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடும். விரிசல் மூடாமல் மணல் தாங்கிக்கொள்ள, வாயு வெளியே வரும். ஒரு கிணற்றுக்கே லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர்! திரும்பி வருவதோ உப்பும் ரசாயனமும் கலந்த நீர். ஒரு குடம் தண்ணீருக்காகக் குழாயடியில் கால் கடுக்க நின்றவள் நான், எனக்குப் பகீரென்றது. ஆனாலும் விற்கச் சொல்லக் கை வரவில்லை. "கொஞ்சம் பொறுங்கள், அண்ணா" என்று மட்டும் எழுதினேன்.

2020 பிப்ரவரி 20-ந் தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறியது. தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். அங்கே எண்ணெய், இயற்கை வாயு, ஷேல் வாயு எதற்கும் புதிதாகத் துளை போடக் கூடாது. அமெரிக்காவில் வெர்மான்ட் ராஜ்யம் 2012-லேயே பாறை பிளக்கும் முறைக்குத் தடை போட்டுவிட்டதாம். நமக்கும் ஒரு சட்டம் வந்ததே என்று பூரித்துப்போய் டெலிபோனை எடுத்தேன்.

"அண்ணா, இனி விற்க வேண்டாமே?"

"சட்டத்தை முழுக்கப் படித்தாயா? முன்பே நடக்கிற கிணறுகளை அது தொடாது" என்றார். சற்று மௌனம். "போகட்டும், புதிதாக வராதே, அதுவே பெரிது. நான் இருக்கும்வரை உழுகிறேன். எனக்குப் பிறகு உன் பிள்ளை வருவானா?"

பிள்ளை எதிரேதான் கம்ப்யூட்டரில் மூழ்கியிருந்தான். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த தையில் மூட்டை வந்தது. பிரித்து, ஒரு பிடி அள்ளி அவன் முகத்தருகே நீட்டினேன். முகர்ந்து பார்த்தான். "மாமா ஊர் வாசனை" என்றான்.

இப்போதைக்கு அது போதும்.