திருமலைத் துறைமுகமும் ஒரு கணினியும்

திருகோணமலைக்கு வருபவர்கள் கோணேசர் மலையில் நின்று கடலைக் காண்பார்கள். கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரில் நீராடுவார்கள். கோட்டை வாசலில் மேயும் புள்ளிமான்களுக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் காலாற நடப்பவர் சிலரே. இவ்வூர்க் கல்லூரியொன்றில் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வரும் நானும் அப்பகுதியை ஊன்றி நோக்கியது சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்றுதான். அதற்குக் காரணமானவள் என் தங்கையின் மகள்.

தங்கை தம்பலகாமத்தில் வாழ்கிறாள். கணவனை இழந்தவள். இரண்டு ஏக்கர் வயலே அவள் சீவனம். மகள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, அழைப்பிதழ், விளம்பரம், நூலட்டை முதலியவற்றைக் கணினியில் வடிவமைக்கும் கலையைப் பயின்றாள். கொழும்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே உழைக்க விரும்பினாள். நெல் விற்ற பணத்தில் ஒரு இலட்சத்து அறுபதினாயிரம் ரூபாவைத் தங்கை என் கையில் எண்ணி வைத்தாள். “அண்ணா, அடுத்த போகம் வரைக்கும் இவ்வளவுதான். ஏமாந்துவிடாதேயுங்கோ” என்றாள்.

மருமகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சீனக்குடா வழியாகப் புறப்பட்டேன். மரங்களினூடே எண்ணெய்க் குதங்கள் தென்பட்டன. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் கட்டியவை அவை. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது குதமொன்று எரிந்தழிந்தது. இன்று 99 எஞ்சியுள்ளன. 2022 சனவரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் உரியவை.

“மாமா, இந்தப் பழசுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?” என்று கேட்டாள் மருமகள்.

“தடித்த இரும்புத் தகட்டால் ஆனவை, பிள்ளை. நல்லதாக இருப்பதை ஏன் இடிக்க வேண்டும்? ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். துருப்பிடித்த தகட்டை மாற்ற வேண்டும். நீர் நிரப்பி ஒழுக்குச் சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் எண்ணெய்” என்றேன்.

இவ்வாறு உபதேசித்த நானே, கணினி விடயத்தில் மட்டும் புதியதே வேண்டுமென்று உறுதி பூண்டிருந்தேன் என்பதை வாசகர்கள் அறிதல் நன்று.

மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே நாலைந்து கடைகளில் விசாரித்தோம். வடிவமைப்புக்கு ஏற்ற புதிய மடிக்கணினி மூன்று இலட்சத்துக்கு மேல். எம் பணத்துக்குக் கிடைத்த புதியதோ, 8 ஜிகாபைட் நினைவகமும் மங்கலான திரையுமுடையது. வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு ஆண்டுகள் பாவித்துக் கழித்த உயர்தரக் கணினிகளைப் பழுதுபார்த்து விற்கும் கடையொன்றில், 16 ஜிகாபைட் நினைவகத்துடன் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கேட்டார்கள்.

உடனே முடிவு செய்ய மனம் வரவில்லை. உட்துறைமுக வீதிக்கு நடந்து, கடலோரத்தில் அமர்ந்தோம். குன்றுகள் அரணாகச் சூழ, குளம்போல் அசைவற்றுக் கிடந்தது ஆழ்கடல். வாடைக்காற்று வீசும் காலத்திலும் கப்பல்கள் அஞ்சாது தங்கும் இடமிது. எதிர்க்கரையில் மா ஆலை வெயிலில் மின்னியது. மீன்பிடி வள்ளமொன்றின் பழைய பலகைகளைக் கழற்றி, நல்லதை வைத்துக்கொண்டு உக்கியதை எறிந்துகொண்டிருந்தார் ஒரு முதியவர்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய புதுக்கணினியின் நினைவு வந்தது. உத்தரவாதம் முடிந்த இரண்டாம் மாதமே அதன் உட்பலகை பச்சை பூத்துச் செயலிழந்தது. உப்புக்காற்றின் வேலையென்று கைவிரித்தார்கள் விற்றவர்கள். புதியதென்பதற்காக உப்புக்காற்று இரக்கம் காட்டுவதில்லை!

திரும்பிச் சென்று கடைத்தம்பியிடம், “சோதித்துப் பார்க்க விடுவீரோ?” என்றேன். “தாராளமாகப் பாருங்கோ, மாஸ்டர்” என்றார் அவர்.

பார்த்தவற்றைச் சொல்கிறேன், யாருக்கேனும் பயன்படலாம். விண்டோஸ் 10 இற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. இன்ரெல் வகையில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளைப் பொதுவாக விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே முதலில் வயதைக் கேட்க வேண்டும். அடுத்து, பழைய கம்பனியின் பூட்டு நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் விரும்பிய கணினி, இயக்கியதும் யாரோ ஒரு கம்பனியின் கடவுச்சொல்லைக் கேட்டது. தம்பி முகம் சிவந்து அதை உள்ளே எடுத்து வைத்தார். இரண்டாவதில் பூட்டில்லை. திருகாணிகளிலும் துளைகளிலும் துருவில்லை, சேமிப்பகம் புதியது. மின்கலம் மட்டும் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

திரையைப் பார்த்த மருமகள் தயங்கினாள். “மாமா, இதில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறது. அச்சகத்தில் வேறு நிறம் வந்தால் ஆர் பொறுப்பு?”

அலுவலகக் கணக்கு வேலைக்கான திரைக்கு நிறத்தைத் துல்லியமாகக் காட்டும் ஆற்றல் குறைவாக இருப்பதுண்டு. அவளுடைய தொழிலுக்கோ நிறமே உயிர். பணத்தை மீண்டும் எண்ணினோம். நிறம் சரியாகக் காட்டும் வெளித்திரையொன்றைத் தனியே வாங்க முப்பத்தெண்ணாயிரம். புதிய மின்கலத்துக்குப் பத்தாயிரம். ஆக ஒரு இலட்சத்து ஐம்பத்தெண்ணாயிரம். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை மறவாத நான், மின்கலத்தைத் தவிர்க்கச் சம்மதிக்கவில்லை. ஆறு மாத உத்தரவாதத்தைக் கையொப்பத்துடன் எழுத்தில் பெற்றோம். வடிவமைப்புக்கு, பணம் கட்ட வேண்டாத இங்க்ஸ்கேப், ஜிம்ப் ஆகியவற்றுடன் தொடங்குவதென்று அவளே தீர்மானித்தாள்.

அசைபடமும் முப்பரிமாண உருவங்களும் செய்பவளாயின், வலிய வரைகலைப் பலகையுடைய புதியதை வாங்கும்வரை பொறுத்திருக்கவே சொல்லியிருப்பேன். அழைப்பிதழும் கல்வெட்டும் வடிவமைக்க இது போதும்.

வீடு சேர்ந்ததும் தங்கை, “புதுசோ, பழசோ?” என்றாள். “பார்த்து எடுத்தது, அம்மா” என்றாள் மகள்.

இரண்டு வாரங்களின் பின் அவளுடைய முதல் வேலையை எனக்குக் காட்டினாள்: அயல்வீட்டுப் பாட்டியின் அந்தியேட்டிக் கல்வெட்டு. அட்டைப் படத்தில் பாட்டியின் நெற்றிக் குங்குமம் குங்குமமாகவே இருந்தது. கிடைத்த கூலியில் மீதி இரண்டாயிரத்துக்கு ஒரு தூசித் துணியும், ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட பைகளும் வாங்கி வைத்திருக்கிறாள். துறைமுகத்து உப்புக்காற்று தம்பலகாமம் வரைக்கும் வருமோ என்னவோ. அவள் காவலாக இருக்கிறாள்.