கணக்குக் கேட்பவர் பகைவரா?

விளையாட்டுக் கழகமொன்றில் எழுந்த பூசலைப் பற்றி எழுதுவதற்கு ஒரு சஞ்சிகையின் பக்கங்களைச் செலவிட வேண்டுமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். விலைவாசியும் வேலையின்மையும் கடன் சுமையும் மக்களை வாட்டும் நாட்டில், பந்தையும் துடுப்பையும் வைத்துக்கொண்டு இளைஞர் சிலர் தமக்குள் முரண்படுவது அத்துணை பெரிய செய்தியா என்பது நியாயமான வினாவே. ஆயினும், சனநாயகம் என்பதை எம்மவர் முதன்முதலில் எங்கே பயில்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தால் விடை வேறாகும். பாராளுமன்றத்தை அவர்கள் தொலைக்காட்சியில் பார்க்கின்றனர். கிராமத்துக் கழகத்திலோ அவர்களே வாக்காளர், அவர்களே வேட்பாளர். அங்கே கற்றுக்கொள்ளும் பழக்கமே வாழ்நாள் முழுவதும் அவர்களைத் தொடர்கிறது.

மன்னார் உதைபந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற மண். கிரிக்கெட் இங்கே இளைய தம்பிதான். இருப்பினும் தென்னை மட்டையைத் துடுப்பாகச் செதுக்கி, கரை மணலில் ஆடி வளராத சிறுவர் எமது தலைமுறையில் அரியர். நாம் சிறுவராயிருந்தது போர்க்காலம். நால்வர் ஓரிடத்தில் கூடிநிற்பதே ஐயத்துக்கு உரியதாகக் கருதப்பட்ட காலம் அது. கூட்டம் கூடுவதும், கைதூக்கி ஒரு கருத்தை மறுப்பதும், மறுத்தபின் அச்சமின்றி வீடு திரும்புவதும் எமக்கு வாய்க்காத பேறுகளாயிருந்தன. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், தீவின் தென்கரைக் கிராமங்களுள் ஒன்றில் இளைஞர் சிலர் பழைய மைதானத்தின் முட்செடிகளை வெட்டித் தமது கழகத்தை மீண்டும் தொடங்கினர். யாப்பு எழுதினர், செயற்குழு அமைத்தனர். உறுப்பினர் ஏறத்தாழ அறுபதின்மர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் கடற்றொழிலாளர். செயற்குழுவிலோ அரசாங்க எழுதுவினைஞர், கடைக்காரர், சம்மாட்டி ஒருவர், எம்மைப் போன்ற ஆசிரியர் இருவர். நாம் செயற்குழுவில் இல்லை, சாதாரண உறுப்பினர்.

பூசலுக்குக் காரணமாயிருந்தவை மூன்று. ஆடுகளத்துக்குப் பாய் வாங்கவும் கடினபந்து ஆடுவதற்கான கவசங்கள் வாங்கவும் வெளிநாட்டிலுள்ள ஊரவர் பணம் அனுப்பியிருந்தனர். அதன் கணக்கு இரண்டு ஆண்டுகளாக உறுப்பினர்முன் வைக்கப்படவில்லை. இது முதலாவது. பொதுக்கூட்டம் எப்பொழுதும் வாரநாளின் மாலையிலேயே வைக்கப்பட்டது. வள்ளங்கள் கடலுக்குப் புறப்படும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை தொழிலாளருக்கு ஓய்வுநாள் என்பதை அறியாதவர் எவரும் செயற்குழுவில் இல்லை. இது இரண்டாவது. மூன்றாவது, சந்தா நிலுவையில் உள்ளவருக்கு வாக்கில்லை என்ற விதி. சந்தா கட்டுவதற்கான இறுதி நாள் ஜூலை மாதக் கடைசி. தென்கரையில் அது சோளகக் காற்றின் காலம். கடல் கொந்தளிக்கும், வள்ளம் கரையேறிக் கிடக்கும், பலர் வடகரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் தேடுவர். கையில் காசில்லாத பருவத்தில் காசு கேட்கும் விதி, யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் விலக்கப்பட்டவர் ஒரே தரப்பினராகவே இருந்தனர்.

இவற்றைப் பற்றி எழுத்தில் கேட்டபொழுது செயற்குழுவிலிருந்து வந்த விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. கணக்கு உண்டு என்றோ இல்லை என்றோ அவர்கள் கூறவில்லை. “கழகத்தின் ஒற்றுமையைக் குலைக்கப் பார்க்கிறாங்கள்” என்றனர். எம்மை வழியிற் கண்ட மூத்தவர் ஒருவர், “சேர், நீங்களே இப்பிடிக் கேட்டால் பொடியள் என்ன செய்வாங்கள்?” என்று மனம் நொந்தார். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த இளைஞன் தலைநிமிராமலே சொன்னான்: “நாங்கள் களவு எண்டு சொல்லேல்லை, அண்ணை. கணக்கைக் காட்டுங்கோ எண்டுதான் கேட்டனாங்கள்.”

இவ்விரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணராமையே எமது பொதுவாழ்வின் பெரும் நோய்களுள் ஒன்று எனலாம். கணக்குக் கேட்பதைப் பழி சுமத்துவதாகவும், மறுத்துப் பேசுவதைப் பகைமையாகவும் கொள்ளும் மனப்பாங்கு எமது கரைக்கு மட்டும் உரியதன்று. கிரிக்கெட்டின் தாய்வீடு எனப்படும் இலண்டன் நகரிலேயே அதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு.

1787ஆம் ஆண்டில் தோன்றிய எம்.சி.சி. என்னும் கழகமே 1968இல் இங்கிலாந்து அணியின் வெளிநாட்டுப் பயணங்களை நடத்திவந்தது. நிறவெறி ஆட்சியினால் தாயகத்தில் வாய்ப்பிழந்து இங்கிலாந்துக்கு வந்த பசில் டி ஒலிவேரா, அவ்வாண்டு ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் பெற்றார். எனினும் தென்னாபிரிக்கா செல்லும் அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. வேறொருவர் காயத்தால் விலகியபின் அவர் சேர்க்கப்பட்டார். உடனே தென்னாபிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. செயற்குழு இதனைக் கையாண்ட முறையைக் கண்டித்து, உறுப்பினர் சிலர் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரினர். முன்னாள் அணித்தலைவரும் மதகுருவுமான டேவிட் ஷெப்பர்ட் பிரேரணையை முன்மொழிந்தார். பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான மைக் பிரியர்லி வழிமொழிந்தார். டிசெம்பர் 5ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. செயற்குழுவே பெரும்பான்மையால் வென்றது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டி ஒலிவேராவைச் சேர்த்தால் அணி ஏற்கப்படாது என்ற செய்தி, 1968 மார்ச்சிலேயே கடிதம் மூலம் கழகத்தின் மேலிடத்துக்கு எட்டியிருந்தது. பதவியாளர் மூவர் அதைச் செயற்குழுவின் ஏனையோருக்குக்கூடக் காட்டவில்லை. 1969இல் அது வெளியாயிற்று. பொதுக்கூட்டத்தில் வாக்களித்த ஆயிரக்கணக்கானோர், உண்மையை அறியாமலே செயற்குழுவின்மீது நம்பிக்கை தெரிவித்திருந்தனர்! மறைத்து வைத்த கடிதத்தின்மீது கட்டிய பெரும்பான்மை எத்தன்மையது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

எமது கழகத்துக்குத் திரும்புவோம். சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டுவதற்கு உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட வேண்டும் என்பது யாப்பு. கையொப்பங்கள் திரண்டன. நிலுவையில் உள்ளோரின் கையொப்பம் செல்லாது என்று செயற்குழு அவற்றுட் பலவற்றை நீக்கியது. பின்னர் சந்தா செலுத்திய ஆசிரியர், எழுதுவினைஞர் சிலரும் நாமும் ஒப்பமிட்டுக் குறையை நிரப்பினோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் பெறுபவருக்குச் சோளகமும் வாடையும் ஒன்றுதான். அந்த வசதியை இல்லாதவர் பக்கம் திருப்புவது எளிய கடமையேயாகும்.

உரிமை வேண்டி நிற்பவரிடமே அதைக் கோரும் உரிமை இல்லை என்பது எத்துணை விசித்திரமான நிலை! ஆனால் எமது நாட்டுக்கு அது புதிதன்று. 1931ஆம் ஆண்டுவரை இலங்கையில் சொத்தும் வருமானமும் எழுத்தறிவும் உடைய ஆண்களுக்கே வாக்குரிமை இருந்தது. அதனை எல்லார்க்கும் ஆக்குவதைப் படித்த தலைவர் பலர் எதிர்த்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்களுள் ஒருவர். பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரை வாக்கற்றவராக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் பல்லாயிரவர் எமது தலைமன்னார்த் துறையிலேதான் கப்பலேறினர். தம்மைப் பற்றிய முடிவில் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. ஒரு கழகத்தின் சந்தா விதியை இத்துணை பெரிய துயரத்தோடு ஒப்பிடுதல் மிகையெனச் சிலர் கூறலாம். அளவு வேறென்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் ‘இல்லாதவனுக்கு இங்கே என்ன பேச்சு’ என்னும் எண்ணம் இரண்டிலும் ஒன்றேயாகும்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப்பின் நடைபெற்றது. பொருளாளர் கணக்கை வாசித்தார். களவு எதுவும் இல்லை. பாய் வாங்கியதுபோக எஞ்சிய பணம் வேலிக்கும், பிரதம விருந்தினர் ஒருவரின் வரவேற்புக்கும் பொன்னாடைக்கும் சென்றிருந்தது. கவசங்களுக்குக் காசு எஞ்சவில்லை. செயலாளர் ஊதியமின்றி உழைப்பவர். வெயிலில் தாமே பாயைச் சுமந்து விரிப்பவர். அவர் நேர்மையில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் இளைஞரின் தலைக்கவசமா, விருந்தினரின் பொன்னாடையா என்ற தெரிவைச் செய்யும் உரிமை யாருக்குரியது? நேர்மையானவர் என்பதனால் ஒருவர் கேள்விக்கு அப்பாற்பட்டவராகிவிட முடியாது. நல்லவரின் கையிலும் கணக்குப் புத்தகம் திறந்தே இருத்தல் வேண்டும்.

இனிப் பொதுக்கூட்டம் ஞாயிறன்றே நடைபெறும் என்றும், கணக்கு ஆண்டுதோறும் எழுத்தில் வைக்கப்படும் என்றும் முடிவாயிற்று. சந்தாவைச் சோளகம் கழிந்தபின் செலுத்தலாம் என்ற யாப்புத் திருத்தமோ தோற்றது. அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 4 வாக்குகள் குறைந்தன. நிலுவையிலிருந்தோர் சுவரோரமாக நின்று, தமது உரிமை பற்றிய வாக்கெடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

செயற்குழு தவறும், உறுப்பினர் தவறார் என்று நாம் வாதிடவில்லை. அதே எம்.சி.சி. கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்பதற்கு 1998ஆம் ஆண்டுவரை காத்திருந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் செயற்குழு ஆதரித்த திருத்தத்தை, மூன்றில் இரண்டு கிடைக்காமல் உறுப்பினரே வீழ்த்தினர். அதன்பின் பலரும் உறுப்பினரிடம் எடுத்துரைத்து, செப்டெம்பரில் மீண்டும் கொண்டுவந்தபோது அது நிறைவேறியது. 211 ஆண்டு வழக்கத்தை மாற்றுவதற்கு ஏழு மாத விவாதம் போதுமாயிருந்தது. பெரும்பான்மை தவறும்போது அதைத் திருத்தும் வழி, மீண்டும் பெரும்பான்மையிடமே செல்வதுதான்.

இவ்வழியை விட்டு மேலிடத்து ஆணையை நாடினால் என்ன நேரும் என்பதற்கு எமது நாடே சாட்சி. 2023 நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் இலங்கை அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில் தடை நீங்கியபோது, எமது மண்ணில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குச் சென்றுவிட்டது. மேலே இருப்பவர் மோதியபோது இழந்தவர் இளைஞரே. கீழே உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வியை எந்த அமைச்சரும் அவர்களுக்காகக் கேட்டுவிட முடியாது.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! குடியியற் பாடத்தில் சனநாயகத்தின் இலக்கணத்தை மனனஞ் செய்விக்கிறோம். அதே மாணவன் மாலையில் கழகத்துக்குச் சென்று, கேள்வி கேட்டால் துரோகி எனப்படுவான் என்பதைக் கற்றுத் திரும்பினால், வகுப்பறைப் பாடத்தின் பயன் யாது? எமது கழகத்தில் அடுத்த ஆண்டும் அந்தத் திருத்தம் முன்வைக்கப்படும். முன்மொழிபவர் ஒரு கடற்றொழிலாளி. சோளகம் எழுமுன்னரே சந்தாவைக் கட்டிவிடுவதாகக் கூறியிருக்கிறார். இடையிலுள்ள மாதங்களில் செய்ய வேண்டிய பணி தெளிவானது. எதிர்த்து வாக்களித்தோரின் வீடுகளுக்குச் சென்று, பகைமையின்றிப் பேசி, 4 பேரின் மனத்தை மாற்றுதல் வேண்டும். அந்தப் பணியை நாம் தொடங்கிவிட்டோம்.