கூத்துக்களத்து இரவுகள்

திருமண வீடுகளில் படமெடுப்பது நமது பிழைப்பு. மணமகன் மாலையைச் சரிசெய்துகொள்வார். மாமனார் தொப்பியை நேராக்கிக்கொள்வார். நாம் சொல்லும் வரை எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கூத்து நடைபெறும் இரவுகளில் நமக்கு அந்த மரியாதை கிடையாது. அங்கே எவரும் நமக்காக நிற்பதில்லை. அதனால்தானோ என்னவோ, இத்தனை ஆண்டுகளாகியும் அந்தக் களத்தைவிட்டு நம்மால் விலக முடியவில்லை.

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர் என்றே காஞ்சியை அறிந்திருக்கும் அன்பர்களுக்குக் கட்டைக்கூத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றை இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள் பதித்துப் பூட்டிக்கொண்டு ஆடுவதால் அப்பெயர். தெருக்கூத்து என்றே பலரும் வழங்குவர். 1990ஆம் ஆண்டில் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். அதற்கு முன்னின்ற கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும், அவர்தம் துணைவியாராகிய ஆலந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும், காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமும் நடத்தினார்கள். ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த இக்கலையில், அங்கே பெண் குழந்தைகளும் கிரீடம் தரித்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

களம் என்றால் பெரிய மேடையை எண்ணிவிட வேண்டாம். பின்னால் ஒரு விசுப்பலகை; அதில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும். மூன்று புறமும் சனத்திரள். நடுவே நாலு பேர் சுழன்று ஆடும் அளவு மண் தரை, அவ்வளவே. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் காற்று அசையாது. சலங்கைக் கால்கள் கிளப்பும் புழுதி தொண்டையில் படியும். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கினால் விடியும் வரை ஓயாது. வேடம் கட்டும் கொட்டகையோ அதைவிட மோசம். நாலைந்து பல்புகளின் சூட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் உரசி அமர்ந்து அரிதாரம் பூசுவார்கள். நாம் உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் ஆகுமுன் கேமராவின் பார்வைத்துளை நம் மூச்சாலேயே பனித்துவிடும். கழுத்தில் ஒரு துண்டு இல்லாமல் நாம் கூத்துக்குக் கிளம்புவதில்லை.

படமெடுப்பவனுக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், முன்வரிசையில் உறங்கி வழியும் பிள்ளைகளின் நடுவே சப்பணமிட்டு உட்காருவதுதான் என்போம். நின்றால் பின்னாலிருக்கும் பெரியவர்களுக்கு மறைக்கும். தவிரவும், தரையிலிருந்து பார்க்கும்போதுதான் அந்தக் கிரீடத்துக்கு அதன் முழு உயரமும் வாய்க்கிறது. இருவர் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து பாடியபடி வேடக்காரர் வருவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய பாதங்கள், இடையில் வெறுந்துணி. திரை விலகும் கணத்திற்காகக் காத்திருப்பதில் உள்ள படபடப்பு, எத்தனை முறை கண்டாலும் நமக்குக் குறைந்ததில்லை.

வெளிச்சத்தோடுதான் பெரும் போராட்டம். பிலிம் காலத்தில் 400 வேகப் பிலிமை 1600 எனக் கொண்டு எடுத்து, கழுவும் நேரத்தை நீட்டி ஈடுகட்டுவோம். படம் மணல் தூவியதுபோல் வரும். இன்றைய கேமராவில் 3200 என்பது சாதாரணம். ஆனால் தீப்பந்தத்துக்கும் பெட்ரோமாக்சுக்கும் இல்லாத ஒரு குணம் குழல் விளக்குக்கு உண்டு. நமது மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் வேகமாக ஷட்டரை ஓட்டினால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். மெதுவாக ஓட்டினாலோ சுழலும் ஆட்டக்காரர் கலங்கிப் போவார். இந்த இரண்டுக்கும் நடுவே மிருதங்கம்தான் கைகொடுக்கிறது. சுற்றி வரும் ஆட்டம் ஒரு தாளக்கட்டில் வந்து முடியும். அங்கே உடல் ஒரு கணம் நின்று அடுத்த அடிக்குப் புறப்படும். காதால் கேட்டு அந்தக் கணத்தில் விரலை அழுத்த வேண்டும். கண்ணால் கண்ட பிறகு அழுத்தினால் காலம் கடந்துவிடும்.

பிளாஷ் போட்டால் தீர்ந்ததே என்பார்கள். கண்ணாடிச் சில்லுகள் அந்த ஒளியை அப்படியே திருப்பி அடிக்க, துரியோதனன் மார்பில் வெள்ளைப் பொட்டுகளே மிஞ்சும். அதுகூடப் போகட்டும். தலையிலும் தோளிலும் பாரம் பூட்டிச் சுழல்கிறவர் கண்ணில் திடீரென்று மின்னலடித்தால் அவர் எங்கே காலூன்றுவார்?

மேலைநாட்டில் 1970களில் பங்க் என்றொரு இசை எழுந்தது. மெருகேற்றாத, மூர்க்கமான, வேகமான பாட்டு. நியூயார்க்கின் சிபிஜிபி என்ற விடுதியில் 1974 முதல் ரமோன்ஸ் குழுவினர் வியர்வை மழையில் பாடினர். அதே நகரின் பல்லேடியம் அரங்கில் 1979இல் தி கிளாஷ் குழுவின் பால் சிமோனன் தம் கித்தாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் காட்சியைப் பென்னி சுமித் என்ற பெண்மணி படமெடுத்தார். படம் கலங்கியிருக்கிறது, வேண்டாம் என்று அவரே சொன்னாராம். குழுவினர் அதையே ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் முகப்பாக்கினர். இன்று அந்த இசைக்கு அதுவே முகம். நமது பெட்டியிலும் கலங்கிய கிரீடங்கள் பல உள்ளன. அவற்றை நாம் கழித்துக் கட்டுவதில்லை. தெளிவாக விழுந்த படத்தில் இல்லாத புழுக்கம் அவற்றில் இருக்கிறது.

திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாய்க்கு என்ன வேலை என்று நம்மவர் சிலர் வினவுவதுண்டு. வணங்கப் போகவில்லை, காணவே போகிறோம் என்பதுதான் விடை. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி கோயில்களில் காவல் நிற்கும் வீரர்களுள் முத்தால ராவுத்தன் ஒருவன். அவனை முஸ்லிம் என்றே அம்மக்கள் சொல்லி வருகிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இதுபற்றி விரிவாகவே எழுதியுள்ளார். நமக்கு முன்பே ஒரு ராவுத்தர் அங்கே இடம் பிடித்துவிட்டார்!

துகிலுரிதல் இரவில் நாம் ஒரு வரையறை வைத்திருக்கிறோம். திரௌபதி வேடம் தரித்தவர் சில வேளை தம்மை மறந்து ஆவேசம் கொள்வார், துச்சாதனனை நாலு பேர் பிடித்து நிறுத்துவார்கள், பெண்கள் அழுவார்கள். அந்த நேரத்தில் கேமராவை மடியில் வைத்துவிடுவோம். இப்போதெல்லாம் அதே வேளையில்தான் நாற்பது கைப்பேசிகள் மேலெழுகின்றன. தம்மை இழந்து நிற்கும் ஒருவரிடம் அனுமதி எப்படிக் கேட்பது?

அனுமதி மட்டுமன்று, பெயரும்தான். ஒரு தங்கும் விடுதியின் நடையில் ஆளுயரக் கூத்துப் படம் ஒன்று மாட்டியிருக்கக் கண்டோம். எடுத்தவர் பெயர் மூலையில் இருந்தது; ஆடியவர் பெயர் எங்கும் இல்லை. அந்த முகத்தை நாம் அறிவோம். தாம்பூலம் வாங்கி ஊர் ஊராக ஆடி, பகலில் தறிக்குழியில் இறங்கும் மனிதர் அவர்.

அப்படிப்பட்ட வாத்தியார் ஒருவர் படுகளம் முடிந்த காலையில் அரிதாரத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்தபடியே கேட்டார்: “பாய், நாப்பது வருஷமா துரியோதனன் கட்டறேன். நான் ஆடறத நான் பார்த்ததே இல்ல. ஒண்ணு குடேன்.” 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கு விண்ணப்பம் போடுகிறாராம், அதனோடு வைக்க வேண்டுமாம்.

எந்த வேடத்தில் வேண்டும் வாத்தியாரே என்றோம்.

“வேஷத்துல ஒண்ணு, மூஞ்சி கழுவினப்புறம் ஒண்ணு. ரெண்டும் நான்தான்னு ஆபீசுல நம்பணும் இல்ல?”

அடுத்த வாரம் இரண்டையும் எடுத்துச் சென்றோம். ஒவ்வொன்றின் பின்புறமும் பெயர், ஊர், வேடம், நாள் நான்கையும் எழுதியிருந்தோம். கழுவிய முகத்தைச் சட்டென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துரியோதனனை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். அந்தப் படத்தில் கிரீடம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. விண்ணப்பத்துக்கு ஒன்று போதுமே என்றோம். ஆறு பிரதி கேட்டார்.