அச்சு நின்றுபோன ஓடு

ஓட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் அது எங்கே பிறந்தது என்று தெரியும். முன்பக்கம் எல்லாம் ஒரே சிவப்பு. பத்து மாரி கடந்தால் எல்லாம் ஒரே கறுப்பு. பின்பக்கத்தில்தான் தொழிற்சாலையின் பெயர் எழும்பி நிற்கும். எங்கட வீட்டு ஓட்டில் இருக்கிற பெயரில் இன்றைக்கு ஒரு தொழிற்சாலையும் இல்லை. மூடி எத்தனையோ வருசம். ஓடு மட்டும் எங்கட கூரையில கெடந்திச்சி, போன மாரியில காத்து வரும்வரைக்கும்.

நாங்கள் நாவிதன்வெளிப் பிரதேசத்துக் கொளனி ஒன்றில் வளர்ந்த மூன்று பிள்ளைகள். ஒராள் ஒலுவிலில் கலைப்பீடம், ஒராள் ஏ.எல்., மூத்தவள் ராத்தா. இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது மூன்று பேரும்தான். ஏனென்றால் காப்புறுதிக் கம்பனிக்குப் போன கடிதங்களை மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்துதான் எழுதினோம். பொலிசி முழுக்க இங்கிலீசு. வாப்பா ஒவ்வொரு வருசமும் ஒழுங்காகக் காசு கட்டியிருக்கிறார். உள்ளே என்ன எழுதியிருக்கு என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீடு யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும். எங்கட கரையில், தமிழரோ முஸ்லிமோ, வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். (இந்த வழக்கத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை இருக்கு, அது இன்னொரு கட்டுரைக்கு.) பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிய ராத்தாவின் நிக்காஹ் என்று பேச்சு முடிந்திருந்தது. அதற்காகத்தான் வாப்பா வங்கியில் லோன் எடுத்து ஒரு அறை கூட்டிக் கட்டினார். வங்கி, லோனோடு சேர்த்து வீட்டுக்குக் காப்புறுதியும் எடுக்கச் சொன்னது. அப்படித்தான் இந்தப் பொலிசி எங்கட வீட்டுக்குள் வந்தது.

காத்து பத்து நிமிடமும் அடிக்கவில்லை. பத்திரிகைகள் இதை 'மினி சூறாவளி' என்று எழுதும். உம்மம்மாவுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. அவருக்குச் சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்தது ஒன்றுதான். மட்டக்களப்பிலிருந்து எங்கட பக்கம் வரைக்கும் தென்னந்தோட்டங்களைச் சரித்துப்போட்ட காத்து அது. அதற்கு முன்னால் எங்கட வீடு கிடுகு. பிறகுதான் மூத்தாப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓடு போட்டார். ஆகவே உடைந்த ஓட்டுக்கு வயது நாற்பதுக்கு மேல்.

குசினிப் பக்கத்துச் சரிவில் மாமரக் கொப்பு விழுந்து 212 ஓடு உடைந்தது. எண்ணினது நாங்கள்தான். அந்தச் சரிவு முழுக்க ஆயிரத்துச் சொச்சம் ஓடு இருக்கும். முன்பக்கச் சரிவுக்கு ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு உடைந்திருக்கு, அவ்வளவு ஓட்டை வாங்கிப் போட்டால் சரிதானே என்று நாங்களும் நினைத்தோம். ஓடாவி மாமா உடையாத ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இத எங்க மனே எடுக்கிற? இந்த அச்சு இப்ப ஒருத்தரும் அடிக்கிறல்ல."

"வேற அச்சு போட ஏலாதா மாமா?"

"போடலாம். மழ பெய்யாட்டி போடலாம்."

அவர் சொன்னது விளங்க, கள்ளிக்கோட்டை ஓடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். பழைய பீலி ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினால் போதும், ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின் இருந்தாலும் குறையில்லை. கள்ளிக்கோட்டை ஓடு அப்படியில்லை. அதன் ஒரு ஓரத்தில் பள்ளம், மற்ற ஓரத்தில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிற விளிம்பு. மேல் தலைப்பில் ஒரு வரம்பு, கீழ் தலைப்பில் அதைக் கவ்வுகிற மடிப்பு. பின்னால் இரண்டு குமிழ், சலாகையில் கொளுவி நிற்பதற்கு. நான்கு பக்கமும் பக்கத்து ஓட்டோடு பூட்டிக்கொள்கிற சாமான். ஒரு கம்பனியின் பள்ளத்துக்குள் இன்னொரு கம்பனியின் விளிம்பு இறங்காது. இறங்கினாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தூக்கலுக்குள்ளால்தான் வாடைக்காத்து மழையை உள்ளே அடிக்கும். சலாகையும் பழைய ஓட்டின் நீளத்துக்கு அடித்தது. புது ஓடு அரை இஞ்சி கூடக்குறைய இருந்தால், முகட்டிலிருந்து இறவாரம் வரைக்கும் சலாகை எல்லாவற்றையும் கழற்றி அடிக்க வேணும்.

இந்தப் பூட்டு ஓடு எங்கட ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல, கள்ளிக்கோட்டையினதும் அல்ல. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உரிமம் எடுத்த வடிவத்திலிருந்து வந்தது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கிருந்து கள்ளிக்கோட்டைக்குப் போய், கப்பலில் இலங்கைக்கு வந்து, கடைசியில் பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. பிறகு தங்கொட்டுவ, வென்னப்புவ பக்கத்துக் களிமண்ணில் இங்கேயே அடித்தார்கள். முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானில் அரசாங்கத்தின் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது, போர் அதை நிறுத்திப்போட்டது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு அச்சு. தொழிற்சாலை மூடினால் அச்சு பழைய இரும்புக்குப் போகும். அதை நம்பிக் கட்டின கூரைகள் ஊர் ஊராக நிற்கும்.

கம்பனியின் மதிப்பீட்டாளர் வர ஒன்பது நாள் எடுத்தது. அதற்கு அவரைக் குறைசொல்ல மாட்டோம். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்கும் எங்களுக்கும் இடையில் போக்குவரத்து இல்லை, இது வருசா வருசம் நடக்கிற கூத்து. வந்தவர் மரியாதையானவர். படம் எடுத்தார், ஓட்டை எண்ணினார், உம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார். உம்மா குசினிக்குள் விரித்திருந்த தறப்பாளையும் பார்த்தார். போகும்போது, "ஓட்டுக் கணக்கு வரும்" என்றார்.

வந்தது ஓட்டுக் கணக்கேதான். 212 ஓடு, இன்றைய சந்தை விலையில் பெருக்கி. அதிலிருந்து பழசு என்பதால் நாற்பது வீதம் தேய்மானம். அதிலிருந்து ஒவ்வொரு கிளைமிலும் நாமே தாங்க வேண்டிய முதல் தொகை, அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'எக்ஸஸ்'. இவ்வளவும் போதாதென்று இன்னொரு வெட்டும் இருந்தது, எங்களுக்கு அதுதான் புதிசு: குறைக் காப்புறுதி. வீட்டின் பெறுமதி 60 இலட்சம், காப்புறுதி 30 இலட்சத்துக்குத்தான் என்று வையுங்கள். ஒரு இலட்சத்துக்குச் சேதம் வந்தால் ஐம்பதாயிரம்தான் கிடைக்கும், மிச்சப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர். வங்கி தன் கடன் திரும்பி வந்தால் போதும் என்றுதான் பார்க்கும். அதனால் லோன் தொகைக்குத்தான் காப்புறுதி போடச் சொல்லும். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, சீமெந்தும் கம்பியும் எங்கேயோ போனபோது, பொலிசியில் எழுதின தொகை அப்படியே நின்றது. வீடு வளராமலே வீட்டின் விலை வளர்ந்துவிட்டது. அந்த வித்தியாசம் ஏழைபாழையின் கிளைமில்தான் கழிபடும்.

எல்லா வெட்டும் போக வந்த தொகை ஓடாவியின் ஒரு கிழமைக் கூலிக்கும் காணாது. ஆனால் எங்கட சண்டை அந்த வெட்டுகளோடு அல்ல, பொலிசியில் அவை எழுதித்தான் இருக்கு. நாங்கள் பிடித்தது முதல் வரியை: 212 ஓடு. வாங்கவே கிடைக்காத ஒரு சாமானுக்கு 'இன்றைய சந்தை விலை' எங்கே இருந்து வந்தது? அவர்கள் எடுத்தது வேறு அச்சு ஓட்டின் விலையை. அந்த ஓடு எங்கட கூரையில் இருக்காது. இருக்காத ஓட்டின் விலையைத் தருவது, மாட்டுக்குப் பதிலாக மாட்டின் நிறையில் கோழி தருகிற மாதிரி.

இதே வழக்கு அமெரிக்காவில் பல வருசமாக நடக்கிறது என்பதைத் தேடினபோதுதான் கண்டோம். அங்கே கூரைக்குத் தாரும் கண்ணாடி நாரும் சேர்ந்த 'ஷிங்கிள்' என்ற தட்டைப் பலகைகளை ஆணியடித்துப் போடுகிறார்கள். கம்பனி ஒரு அளவை நிறுத்திவிட்டால் புது அளவு பழைய வரிசையோடு பொருந்தாது. சில மாநிலங்கள் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டன. புளோரிடாவில், மாற்றின பொருள் தரத்திலோ நிறத்திலோ அளவிலோ பொருந்தாவிட்டால் பக்கத்துப் பகுதிகளையும் நியாயமான அளவில் காப்புறுதிக்காரர் மாற்றிக்கொடுக்க வேண்டும். மினசோட்டாவில் ஆலங்கட்டி மழை இருபது கட்டடங்களின் வெளிச்சுவர்த் தகடுகளை அடித்தது, ஒவ்வொன்றிலும் கொஞ்சத் தகடுதான். பழைய நிறம் சந்தையில் இல்லை. பொலிசியில் இருந்த 'ஒத்த பொருளும் தரமும்' என்ற சொல்லுக்குள் நியாயமான நிறப் பொருத்தமும் அடங்கும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது.

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அங்கே வழக்காடினது நிறத்துக்கு, தெருவிலிருந்து பார்த்தால் சுவர் திட்டுத் திட்டாகத் தெரியுமே என்று. எங்கட கூரையின் நிறத்தைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. பச்சை ஓடு தந்தாலும் போட்டிருப்போம், ஒழுகாவிட்டால் சரி. கண்ணுக்குப் பொருந்தாததே சேதம் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றால், பூட்டுப் பொருந்தாததை எப்படிச் சேதமில்லை என்று சொல்வது? அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்பது எங்களுக்கும் தெரியும். நியாயம் யோசிக்க அது தடையில்லையே. இரண்டாவது கடிதத்தில் அதைத்தான் எழுதினோம்: சேதத்தின் அலகு ஓடு அல்ல, சரிவு. ஓடாவி மாமாவின் கையெழுத்தோடு, பழைய ஓட்டையும் புது ஓட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளவுகோலோடு எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்பினோம்.

சிலர் கேட்டார்கள், அரசாங்கத்தின் இயற்கை அனர்த்தக் காப்புறுதி இருக்கே என்று. உண்மைதான். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016இல் தொடங்கின திட்டம், தனியாகத் தவணை கட்டாத வீடுகளுக்கும் சேர்த்து, ஒரு வீட்டுக்கு ஆகக்கூடியது 25 இலட்சம் ரூபாய் என்று. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று அறிக்கை மேலே போகும். அங்கேயும் படிவத்தில் எழுதுவது உடைந்தது எவ்வளவு என்றுதான். மிஞ்சினதோடு புதிசு பொருந்துமா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. ஒரு கட்டம் கூடப் போட என்ன செலவு?

பழைய ஓடு தேடியும் அலைந்தோம். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஓட்டைக் கழற்றிவிட்டு சிலாப் போடுகிற வீடுகளாகப் பார்த்து. ஒரு வீட்டில் எங்கட அச்சே கிடைத்தது. நாங்கள் துள்ளாத குறை. எண்ணிப் பார்த்தால் முழுசு 38. கரையோரத்தில் அந்தக் காலத்துக் கூரைகள் பலதை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. பழைய ஓடு கிடைக்க, பழைய வீடு நிற்க வேணுமே.

கடைசியில் ஓடாவிமார் வழமையாகச் செய்வதைச் செய்தோம். குசினிச் சரிவை முழுக்க இறக்கி, அதில் நல்லதாக எடுத்த ஓடுகளை முன்சரிவில் வெடித்ததற்கு மாற்றிப்போட்டு, மிச்சத்தைக் கிணற்றடியில் அடுக்கிவிட்டு, குசினிச் சரிவுக்குச் சீற் போட்டோம். எந்தச் சீற் என்பதில் வீடு இரண்டுபட்டது. அஸ்பெஸ்டஸ் மலிவு. எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இலங்கையும் 2018இலிருந்து இறக்குமதியைக் குறைத்துக்கொண்டு வருவதாக அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று எங்கட தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். சில நாளில் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது, வண்டுப் பிரச்சினையும் தீர்ந்தது. ஒரு வண்டு எங்கட கூரை வரைக்கும் வந்த கதை இது. ராத்தா அஸ்பெஸ்டஸ் வேண்டாம் என்று ஒரே பிடி. வீடு அவளுக்கு, அவள் சொன்னதே நடந்தது. தகரம் போட்டோம், வாப்பா இன்னொரு கடன் பட்டார். கடையில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, இந்தத் தகரத்தின் வளைவு பத்து வருசம் கழித்தும் கிடைக்குமா என்பது. கடைக்காரர் சிரித்தார்.

நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, மச்சான் மட்டும் கிணற்றடியில் ஓடு ஏன் இவ்வளவு என்று கேட்டார்.

இரண்டாவது கடிதத்துக்குக் கம்பனி பதில் போட்டது. சலாகைக்கும் கழற்றிப் பூட்டும் கூலிக்கும் ஒரு தொகை தருவார்களாம், மிச்சச் சரிவின் ஓட்டுக்கு இல்லையாம், 'அவை சேதமடையவில்லை' என்பதால். முதல் பாதியை ஏற்று, மறு பாதியை எதிர்த்துக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறோம். சேதமடையாத அந்த அறுநூற்றுச் சொச்சம் ஓட்டையும் வந்து பார்க்கச் சொல்லி, கிணற்றடிப் படத்தையும் வைத்து அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.