நேத்து எந்த ரேடியோ கேட்டீங்க?

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்க சாமான் எல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். பரண்லேர்ந்து பழைய ரேடியோ ஒண்ணு கைக்கு வந்தது. தூசி தட்டிப் பார்த்தா, டயல் கண்ணாடி மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு கலர். ஓரம் லேசா சுருண்டிருந்தாலும் விழாம ஒட்டிட்டு இருக்கு.

அந்தப் பொட்டுக்கு ஒரு கதை இருக்கு. பெரிய கதையெல்லாம் இல்லீங்க. ஒரு ஸ்டேஷன் ஒரு நிகழ்ச்சியை நிறுத்தின கதை, அவ்வளவுதான். கொசுவத்தி சுத்தறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

வருஷம் 2006. எனக்கு ஒன்பது வயசு. வில்லிவாக்கத்துல எங்க வீட்டு முன்ரூம்ல அம்மாவோட தையல் மிஷின். பக்கத்து ஸ்டூல்ல இந்த ரேடியோ. நான் ஸ்கூலுக்குக் கிளம்பினதும் உட்கார்ந்தாங்கன்னா சாயங்காலம் வரைக்கும் பிளவுஸ்தான். ரேடியோவும் அதுவரைக்கும் ஓடும். கணக்கு போட்டா ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். அதை விட அதிகமா ரேடியோ கேட்ட ஒரு ஆளை நான் இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்ல.

சென்னைக்கும் எஃப்.எம்முக்கும் பழைய சொந்தம். இந்தியாவுலயே முதல்ல எஃப்.எம் ஒலிபரப்பு ஆரம்பிச்சது இங்கதான், 1977 ஜூலை 23. ரொம்ப காலம் அது ஆல் இந்தியா ரேடியோ மட்டும்தான். 2003ல சூரியன் எஃப்.எம் 93.5, ரேடியோ மிர்ச்சி 98.3 ரெண்டும் வந்தது. அப்போ இருந்த லைசென்ஸ் கட்டணம் வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறிட்டே போகும். அதைக் கட்டி நாடு முழுக்க பல பேர் நொந்துட்டாங்க. 2005ல அரசாங்கம் விதியை மாத்தி, ஏலத்துல ஒரு தடவை பணம், அப்புறம் மொத்த வருமானத்துல 4 சதவீதம்ங்கற அடிப்படைக்கு வந்தது. அவ்வளவுதான், கதவு திறந்துக்கிச்சு. 2006ல ரேடியோ சிட்டி 91.1, பிக் எஃப்.எம் 92.7, ஹலோ எஃப்.எம் 106.4னு வரிசையா வந்து இறங்கிட்டாங்க.

நமக்கெல்லாம் கொண்டாட்டம். அம்மாவுக்கு மட்டும் ஒரு பிரச்சனை. முள்ளை லேசா திருப்பினா வேற ஸ்டேஷன். கையில துணி, வாயில குண்டூசி, இதுல எங்க போய்த் தேடறது? ஒரு நாள் நெத்தியில இருந்த பொட்டை எடுத்து, பிடிச்ச ஸ்டேஷன் வர்ற இடத்துல கண்ணாடி மேல ஒட்டிட்டாங்க. முள் பொட்டுக்கு நேரா வந்தா சரி. நான் பிற்பாடு நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் இவ்வளவு சுளுவா ஒரு யூசர் இன்டர்ஃபேஸ் செஞ்சதில்ல.

எந்த ஸ்டேஷன்னு சொல்ல மாட்டேன். யாரையும் குறை சொல்றதுக்காக இதை எழுதலை. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருத்தர் வருவார். எழுபது, எண்பதுகளோட பாட்டு. நடுநடுவுல நேயர்கள் எழுதின கடிதம் படிப்பார். நிதானமான பேச்சு. பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசற மாதிரியே இருக்கும். அம்மா ஒரே ஒரு தடவை தபால் கார்டு போட்டாங்க. மூணு வாரம் கழிச்சு அதைப் படிச்சார். "வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தையல்கார சகோதரி"ன்னு ஆரம்பிச்சதும் அம்மாவுக்குக் கை ஓடலை. அன்னிக்கு ஒரு பிளவுஸுக்கு வலது கையை இடது பக்கம் வெச்சுத் தைச்சுட்டாங்க. பிரிச்சுத் திரும்பத் தைச்சப்போ கூட சிரிச்சுட்டேதான் இருந்தாங்க.

2014. நான் பன்னெண்டாவது முடிச்சு வீட்டுல இருந்த லீவு. ஒரு திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு அந்த ஆள் வரலை. புத்தம்புது பாட்டு, நடுவுல மூச்சு விடாம யாரோ கத்தறாங்க. அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? குனிஞ்சு பொட்டைப் பார்த்தாங்க. முள் நகர்ந்திருக்கும்னு நினைச்சாங்க. முள் சரியாத்தான் இருந்தது. "பொட்டுதான் நகர்ந்துடுச்சு போல"ன்னு சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. மறுநாளும் பார்த்தாங்க. அந்த வாரம் முழுக்கப் பார்த்தாங்க.

அறிவிப்பு கிடையாது, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் அவங்களுக்கு உறுத்தல்.

நிற்க. அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. 2005 விதிப்படி ஒரு கம்பெனிக்கு ஒரு ஊர்ல ஒரே ஒரு அலைவரிசைதான். தனியார் ஸ்டேஷன் சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது. மிச்சம் இருக்கறது பாட்டும் பேச்சும். கையில ஒரே ஒரு கடை இருந்தா எங்க போடுவீங்க? மெரினாவுல சுண்டல் விக்கறவங்க எல்லாரும் கூட்டம் இருக்கற இடத்துலயேதான் நிப்பாங்க. அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கற பத்து பேரை நம்பி யாரும் போக மாட்டாங்க. அதனால எல்லா ஸ்டேஷனும் ஒரே புதுப் பாட்டைச் சுத்திச் சுத்தி வரும். 2015 ஏலத்துலேர்ந்துதான் பெரிய ஊர்கள்ல ஒரே கம்பெனி ஒண்ணுக்கு மேல அலைவரிசை வெச்சுக்கலாம்னு ஆச்சு. ரெண்டாவது கடை இருந்தாத்தான் ஒண்ணுல புதுசு, இன்னொண்ணுல பழசுன்னு பிரிச்சு வைக்க மனசு வரும்.

விளம்பரம் தர்றவங்களுக்கு வேண்டியது காலையிலயும் சாயங்காலமும் வண்டியில போற, வேலைக்குப் போற கூட்டம். மத்தியானம் ரெண்டு மணிங்கறது எல்லா ஸ்டேஷனுக்கும் மெலிஞ்ச நேரம். கை வைக்கறதுன்னா முதல்ல அங்கதான் வைப்பாங்க.

சரி, யார் கேக்கறாங்கன்னு எப்படித் தெரியும்? இங்கதான் எனக்கு ஆச்சரியம். 2007ல டாம் நிறுவனம் 'ராம்'ங்கற பேர்ல ரேடியோவுக்கு ரேட்டிங் ஆரம்பிச்சது. மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா நாலே ஊர். எஃப்.எம் முதல்ல பொறந்த சென்னை அதுல இல்ல! அந்த நாலு ஊர்லயும் ஊருக்கு 480 பேர். ஆளுக்கு ஒரு டைரி. எப்ப எந்த ஸ்டேஷன் கேட்டோம்னு அவங்களே எழுதி வைக்கணும். ஒரு ஸ்டேஷனை நிஜமாவே ஊர்ல நூத்துக்குப் பத்து பேர் கேக்கறாங்கன்னு வைங்க. 480 பேரை மட்டும் கேட்டா அது சும்மா தற்செயலா 7ன்னும் வரலாம், 13ன்னும் வரலாம். புள்ளியியல் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்கே தெரிஞ்ச கணக்கு இது. ஒரு வாரம் ரெண்டு புள்ளி இறங்கினதுக்கு ஒருத்தர் வேலை போனா, அது அவர் தப்பாவும் இருக்கலாம், வெறும் தாயக்கட்டையாவும் இருக்கலாம். சென்னைக்கு அதுவும் கிடையாது. இந்தியன் ரீடர்ஷிப் சர்வே மாதிரி எப்பவாவது வர்ற கணக்கெடுப்பு, இல்லேன்னா ஸ்டேஷன்காரங்க சொந்தக் காசுல எடுக்கற சர்வே.

அப்ப நல்ல கருவி வெச்சா சரியாயிடுமா? அமெரிக்காவுல அதையும் பார்த்துட்டாங்க. அங்கயும் ஆர்பிட்ரான் கம்பெனி பல வருஷமா டைரிதான் வெச்சிருந்தது. 2007ல பிலடெல்பியா, ஹூஸ்டன்ல ஆரம்பிச்சு, பேஜர் மாதிரி ஒரு கருவியைக் கொடுத்து இடுப்புல மாட்டிக்கச் சொன்னாங்க. ஒலிபரப்புக்குள்ள காதுக்குக் கேக்காத ஒரு குறியீடு இருக்கும். காத்துல எந்த ஸ்டேஷன் வருதுன்னு கருவியே பிடிச்சுக்கும். டைரியில மனுஷன் என்ன எழுதுவான்? "ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் என் ஸ்டேஷன்"னு ஒரே கோடா இழுத்துடுவான். கருவிக்கு அந்தப் பாசம் கிடையாது. நடுவுல டீ குடிக்கப் போனதைக் கூட கழிச்சுடும். ஆபீஸ்ல மெல்லிசா ஓடிட்டு இருந்த ஸ்மூத் ஜாஸ் ஸ்டேஷன்கள் பல ஊர்ல அடிவாங்கினது அந்தச் சமயத்துலதான். நியூயார்க்குல 101.9ல ஓடிட்டு இருந்த ஸ்மூத் ஜாஸ் 2008 பிப்ரவரியில ராக் ஸ்டேஷன் ஆயிடுச்சு. கருவி மட்டுமே காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு நிச்சயம். கேட்டவங்க அதே ஆளுங்க, அதே காது. அளக்கற விதம் மாறினா கணக்கு மாறும். கணக்கு மாறினா பாட்டு மாறும்.

டைரி பாசத்தை எழுதும்னு சொன்னேன்ல, அதை எங்க வீட்டுலயே பார்த்தேன்.

2017. நான் காலேஜ் லீவுல வீட்டுல இருக்கேன். கழுத்துல அட்டை மாட்டிட்டு ஒரு பொண்ணு வந்தது. ஏதோ சர்வே. என்ன பேப்பர் வாங்கறீங்க, என்ன சோப்பு, டிவியில எந்த சேனல்னு ஒரு பெரிய பட்டியல். வேகாத வெயில்ல வந்த பொண்ணை உட்கார வெச்சு, மோர் கொடுத்து, அம்மா பொறுமையா பதில் சொல்லிட்டே வந்தாங்க. கடைசியா, "அம்மா, நேத்து எந்த ரேடியோ கேட்டீங்க?"

அம்மா அந்த ஸ்டேஷன் பேரைச் சொன்னாங்க. எவ்வளவு நேரம்? "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்மா." எந்த நேரம் ரொம்பப் பிடிக்கும்? "மத்தியானம் ரெண்டு மணி. பழைய பாட்டு போடுவாங்க, கடிதம் படிப்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ரேடியோவை அவங்க தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு! ஆல் இந்தியா ரேடியோவுல பழைய பாட்டு வருதேன்னு மாத்தி வெச்சுப் பார்த்தேன். நான் போன்ல பழைய பாட்டா முன்னூறு சேர்த்துக் கொடுத்தேன். எல்லாத்தையும் கொஞ்ச நாள் கேட்டுட்டு விட்டுட்டாங்க. "பாட்டு எங்கயும் கிடைக்கும்டா, இதுல யாரு நம்மகிட்ட பேசறா"ன்னுட்டாங்க. அப்புறம் வீட்டுல மிஷின் சத்தம் மட்டும்தான்.

அந்தப் பொண்ணு போனதும் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்ன?"

கொக்கி தைச்சுட்டே தலையைத் தூக்காம சொன்னாங்க. "பொய் இல்லடா. ஓட்டு கேக்க வந்தா யாருக்கு வேணுமோ அவங்களுக்குத்தானே போடணும். இப்ப யாரு ஆட்சியில இருக்காங்கன்னா எழுதித் தருவாங்க?"

அன்னிக்கு நான் சிரிச்சேன். காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இதை ஜோக்காக் கூட சொன்னேன்.

வேலைக்கு வந்த அப்புறம்தான் சிரிப்பு அடங்கிச்சு. நாங்க எழுதறது கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறக்கறாங்கன்னு ஒரு திரையில கலர் கலரா வந்துட்டே இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி அதைப் பார்த்து, யாருமே தொடாத ஒரு பழைய பக்கத்தைத் தூக்கிடலாம்னு சொன்னது நான். தூக்கினதும் நான்தான். யாருக்கும் சொல்லிக்கலை. பத்து பேர் கூட பயன்படுத்தாததுக்கு எதுக்கு அறிவிப்பு? ஒரு வாரம் கழிச்சு வயசான மெடிக்கல் ஷாப்காரர் ஒருத்தர் போன் பண்ணார். "தம்பி, அந்தப் பட்டன் இருந்த இடத்துல இல்லையே. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேனா?"

பொட்டு நகர்ந்துடுச்சு போலன்னு அம்மா சொன்னது அப்பதான் காதுல விழுந்தது. அந்த ஸ்டேஷன்ல உட்கார்ந்து முடிவு பண்ண ஆள் யாரோ எவரோன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது என்னை மாதிரி ஒருத்தன்தான். கெட்டவன் இல்ல. முன்னாடி ஒரு கணக்கு இருந்தது, அதைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியலை. ஆனா அதுக்கப்புறம் எதை எடுத்தாலும் ஒரு மாசம் முன்னாடியே, "இது போகப் போகுது, இதுக்குப் பதிலா இங்க வாங்க"ன்னு தமிழ்லயும் எழுதி வைக்கறேன். டீம்ல கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். நேயரை எப்பவும் வெச்சுக்க முடியாதுதான். போறோம்னு சொல்லிட்டாவது போகலாம்ல.

வெள்ளையடிச்சு முடிஞ்சதும் ரேடியோவுக்கு பேட்டரி போட்டுப் பார்த்தேன். கரகரன்னு இருந்தாலும் பாடுது. முள்ளைப் பொட்டுக்கு நேரா கொண்டு போனேன். ஏதோ ஒரு புதுப் பாட்டு. அடுப்படியிலேர்ந்து அம்மா குரல் கொடுத்தாங்க, "மணி என்னடா?"

"ஒண்ணே முக்கால்மா."

"இன்னும் நேரம் இருக்கு"ன்னாங்க. விளையாட்டுக்குச் சொன்னாங்களான்னு எனக்குத் தெரியலை. நான் அணைக்கலை.

பி.கு: உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஒரு ரெண்டு மணி இருந்துச்சா? சொல்லுங்க. ஸ்டேஷன் பேர் வேண்டாம், அந்த நிகழ்ச்சியைப் பத்தி மட்டும் சொன்னா போதும். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும்.