தானியம்

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் நான்கு பருவ ஆங்கிலத் தாள்களிலும் தேறியவர்கள் நாங்கள். கண்டிராத டாஃபொடில் மலர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவோம். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையொன்றில் சேர்ந்த முதல் மாதமே ஜெர்மனியிலிருந்து மின்னஞ்சல்: அனுப்பிய தோலில் 'லூஸ் கிரெய்ன்'. கிரெய்ன் எங்களுக்குத் தானியம். கட்டுகளில் அரிசி சிந்தியிருக்குமோ என்றுகூட (சிரிக்காதீர்கள்) எண்ணினோம். இனிச் சுத்தமாக அனுப்புவதாக, இலக்கணப் பிழையின்றிப் பதில் எழுதினோம். அடுத்த சரக்கை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பள்ளியிறுதி தாண்டாத, தரம்பிரிக்கும் பெரியவர் ஒரு தோலை எடுத்து மேற்புறம் உள்ளே வருமாறு மடித்தார். சுருக்கங்கள் எழுந்தன. மேற்படலம் அடித்தோலோடு இறுகாமல் தளர்ந்திருந்தது.

"இதான் தம்பி லூஸ் கிரெய்னு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அன்றிரவு முழுதும் அவரே மறுபடி தரம் பிரித்தார். நாங்கள் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தோம்.